ரிம்மில் பட்ட எண்ணெய்

“ரிம்முல படாம பாத்துக்க விமலா.”

என் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் காலை அது. இந்த வருஷத்து ஆயுத பூசை. புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் என் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மணைக்கட்டை போட்டு உட்கார்ந்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மடங்காத இடது கால் வழக்கம்போல் முன்னால் நீண்டிருந்தது.

எண்ணெய்க் குப்பி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

ரிம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக யாரும் சொன்னதில்லை. நான் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் திருட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “டீச்சர், நீங்க தப்பே பண்ணினது இல்லையா?” பண்ணியிருக்கிறேன் தாயே. இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். கஸ்பார் என்று ஒரு மனுஷர். அவர் பெயரை நான் கெடுத்தேன். கெடுத்தது தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் செயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவசரப்படாதீர்கள். கணக்கு டீச்சர் ஸ்டெப்பைத் தாண்டிப் போக மாட்டாள்.

உப்புக் காற்று

புதுச்சேரியில் இரும்புச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி கிடையாது. சாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் எங்கேயோ இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். வாசல் கேட்டின் கீலுக்குத் தெரியும் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று. சைக்கிள் செயினை இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் போதும், துரு பூத்துவிடும். அப்புறம் யார் வருகிறார்கள் என்பது தெரு முனையிலேயே காதில் விழும்.

ரிட்டயர் ஆன பிறகு சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடக்கப் பிடிக்காது. நடந்தால் எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். சைக்கிள் வாங்கிக்கொண்டேன். குட்டைச் சைக்கிள், கூடை வைத்தது. அதன் செயினை மாதம் ஒருமுறை நானே சுத்தம் செய்கிறேன். யாரிடமும் கொடுப்பதில்லை.

முதலில் வளையலைக் கழற்றி வைப்பேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். பல் சக்கரத்துக்குத் துணி என்றால் ரொம்ப ஆசை, விரலென்றாலும் வேண்டாம் என்று சொல்லாது. கிருஷ்ணாயில் இப்போது எங்கே கிடைக்கிறது, ஒரு பாட்டில் டீசல் வைத்திருக்கிறேன். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தோய்த்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பேன். வீட்டுக்குள் இந்த வேலை ஆகாது. பூசை நாளில் எந்த மூலையில் விளக்கு எரிகிறது என்று நமக்கே ஞாபகம் இருக்காது.

பெடலைப் பின்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் சக்கரமும் கூடவே ஓடும், விரல் போனால் போனதுதான். துடைக்கிற துணியை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எங்காவது மாட்டினால் கையை விட்டுப் போய்விடுகிற மாதிரி தளர்வாகப் பிடிக்க வேண்டும். செயின் நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு நல்லது என்பது தப்புக் கணக்கு. கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்கிற எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணிக்கு உள்ளே இருக்க வேண்டியது, வெளியே நின்றால் தெருப் புழுதியைத்தான் சேர்க்கும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை செய்வேன். செயினுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு பழைய பேப்பரைச் செருகிவைப்பேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. அன்று காலை அந்தப் பேப்பர் நழுவிக் கீழே விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

பளபளவென்று

என் வீட்டுக்காரர் பெயர் கோதண்டம். லைன்மேனாக இருந்தார். கம்பம் ஏறுகிற மனுஷர். ஏணி வைப்பதற்குள் மேலே போய்விடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சாரத்திலிருந்து முதலியார்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில்தான் போவார். உயரமான பார் வைத்த பழைய சைக்கிள். கைப்பிடியில் பிரேக்கை அழுத்தினால் கம்பி இழுத்து, இரண்டு பிரேக் கட்டைகள் போய் ரிம்மைக் கவ்வும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது சைக்கிளை நெல்லித்தோப்பு முனையில் கஸ்பார் கடையில் விட்டார். கஸ்பார் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆயுத பூசை அவர் வீட்டில் கிடையாது, ஆனால் அந்தப் பக்கத்து வண்டிகளையெல்லாம் பூசைக்குத் தயார் செய்து கொடுப்பவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிக் கொடுத்தார்.

சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் அதை அலங்காரம் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது செயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பளபளவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். தையல் மிஷின் எண்ணெய் ஒரு குப்பி முழுசாக இருந்தது. செயினில் தாராளமாக ஊற்றினேன். பெடலை முன்பக்கமாக வேகமாகச் சுற்றினேன். சக்கரம் ஓடுகிற சத்தம் நன்றாக இருந்தது. எண்ணெய் தெறித்தது, தெறிக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு அதே எண்ணெய்த் துணியால் முழு வண்டியையும் துடைத்தேன். கைப்பிடி, பார், கம்பிகள், இரண்டு சக்கரத்து ரிம்மும். உப்புக் காற்றில் ரிம்மில்தான் முதலில் துரு பிடிக்கும் என்று, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் நிதானமாகத் தடவினேன். வேலை முடிந்ததும் ரிம்மில் என் வளையல் தெரிந்தது.

“மாப்ள மாதிரி நிக்குது,” என்றார் இவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் பூச்சரம் சுற்றினேன்.

மறுநாள் பூசை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. அரிவாள்மனைகூட ஓய்வெடுக்கும் நாள், சைக்கிளை யார் எடுப்பார்கள். ஒன்றரை நாள் அந்த வண்டி சாமி மாதிரி நின்றது. பிரேக்கை யாரும் ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

எலுமிச்சம்பழம்

விஜயதசமி காலையில் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு லைன் அறுந்துவிட்டது என்று போன் வந்தது. லைன்மேனுக்கு ஏது லீவு. முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றேன், வெயிலில் இரண்டு ரிம்மும் மின்னின.

ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. முன்னால் நீட்டம் நீட்டமாகக் கம்பி ஏற்றிய மூணு சக்கர வண்டி ஒன்று நின்றிருந்தது. இவர் பிரேக் அடித்தார். பிடிக்கவில்லை. நேராகப் போனால் கம்பி நெஞ்சில் ஏறியிருக்கும். ஒடித்துத் திருப்பி, பக்கத்தில் மதகுக் கட்டையில் போய் மோதினார். இடது முழங்கால் நொறுங்கிப்போயிற்று.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். “பிரேக் புடிக்கல,” என்றார். அது மட்டும்தான் சொன்னார். அப்புறம் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நெல்லித்தோப்புக்குப் போனேன். விஜயதசமி, முனையில் நல்ல கூட்டம். டீக்கடையில் ஆள், பூக்கடையில் ஆள், கஸ்பார் கடையில் நாலு பேர். நாற்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கிய தொண்டை என்னுடையது. அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“பிரேக்கு மாட்டத் தெரியாதவன் எதுக்குய்யா கடை வெச்சிருக்க? என் புருஷன் காலு போச்சு. உங்கிட்ட வண்டிய வுட்டா ஒவ்வொருத்தரும் சாவ வேண்டியதுதான்.”

கஸ்பார் எழுந்து நின்றார். கையில் பஞ்சர் டியூப் இருந்தது. “அண்ணனுக்கு உசுருக்கு ஒண்ணும் இல்லியே டீச்சர்?” என்று கேட்டார். நான் அவரை விட்டுத் திரும்பி, நின்றவர்களைப் பார்த்து, “இந்தாளுகிட்ட வண்டிய வுடாதீங்க,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டேனா? பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பிலும் சொன்னேன். சைக்கிளில் வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். டீச்சர் சொன்னால் வேத வாக்கு. வீட்டிலும் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

ரொபேர் அண்ணன்

எங்களுக்கு மூன்றாவது வீடு சொல்தா வீடு, பட்டாளத்துக்காரர் வீடு. ரொபேர் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பம் பிரான்சில் இருக்கிறது, குளிருக்குப் பயந்து மார்கழி வாக்கில் இங்கே வந்துவிடுவார். தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு சைக்கிளில் பீச்சுக்குப் போவார். தெரு சிரிக்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

என் வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்த நாட்கள் அவை. ஒரு நாள் வாசலில் ரொபேர் அண்ணன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். செயினுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு பேப்பரை மடித்து வைத்திருந்தார்.

“எதுக்குண்ணே பேப்பர்?”

“ரிம்முல எண்ணெ படக்கூடாதும்மா. ஒரு சொட்டு பட்டாலும் பிரேக்கு வழுக்கிடும். கட்டை எத்தப் புடிக்கும் சொல்லு, ரிம்மத்தானே புடிக்கணும்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். நேராகக் கொல்லைக்குப் போனேன். அங்கே கோணிப்போன முன் சக்கரத்தோடு அந்தச் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. ரிம்மின் உள்பக்கம் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கருப்பாக வந்தது. மோந்து பார்த்தேன். என் வீட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.

கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து இவர் தண்ணீர் கேட்டார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே கஸ்பார் வீட்டுக்கு வந்தார். கடையில் வேலை செய்கிற அதே சட்டையோடு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அந்த வண்டிய ஒரு தடவ பாக்கணும் டீச்சர். நட்டு லூசா இருந்துதா, கட்டை நழுவிச்சா, என்னான்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல.”

“அத பழைய இரும்புக்குப் போட்டாச்சு,” என்றேன்.

பத்தடி தள்ளிக் கொல்லையில் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் முனை திரும்பியதும் நான் கதவைச் சாத்தினேன். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, இரண்டு ரிம்மையும் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் அதை நிஜமாகவே பழைய இரும்புக்குப் போட்டேன்.

ஏன் என்று கேட்டால் நல்ல பதில் எதுவும் என்னிடம் இல்லை. இவருக்குக் கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். கட்டுப் பிரித்தார்கள், கால் மடங்கவில்லை. கம்பம் ஏறுகிற மனுஷரை ஆபீசில் புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இந்த நேரத்தில் போய் “உங்க காலு போனது என்னாலதான்” என்று எப்படிச் சொல்வது? அது ஒரு சாக்கு. நிஜம் என்னவென்றால் வெட்கம். தெருவில் நின்று கத்தின டீச்சர், அதே தெருவில் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டுமே என்ற கௌரவம். பிள்ளைகள் ஒரு பொய் சொன்னால் பெஞ்சு மேல் நிற்கவைத்தவள் நான்.

சுற்றுவழி

அதற்குப் பிறகு நெல்லித்தோப்பு முனைப் பக்கம் நான் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் போனால்கூட இரண்டு தெரு சுற்றித்தான் போவேன். ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள், ஏன்மா சுத்தறீங்க என்று. நெரிசல் என்பேன்.

கஸ்பார் முனைக் கடையை விட்டுவிட்டு உள்ளே ஒரு சந்துக்குப் போய்விட்டார் என்று காதில் விழுந்தது. ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

வருஷங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். முழங்காலில் என் உள்ளங்கை படும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வரும். வந்து, நின்று, உள்ளே போய்விடும்.

இந்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் காலை, “ரிம்முல படாம பாத்துக்க விமலா” என்றார்.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன்.

“ஏங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னாது?”

“ரிம்மு.”

பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்தார்.

“வுழுந்தவன் நான்தானே. பின் சக்கரம் என் மூஞ்சிக்கு நேரா சுத்திகினு இருந்துச்சு. கையை வெச்சி நிறுத்தினேன். கையெல்லாம் எண்ணெ. மிஷின் எண்ணெ வாசன தெரியாதா எனக்கு?”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கே.”

“அப்ப ஏன் என்னாண்ட சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். ஊசி போட்டு தூங்கி எழுந்தா நீ பக்கத்துல நின்னுகினு, அந்தாள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்துட்டேன்ற. அப்புறம் எப்படி சொல்றது? ஊரு சிரிக்குமே உன்ன. நீ டீச்சரு.”

“கஸ்பாரு?”

 நீட்டிய காலைக் கையால் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அவன நெனைக்காத நாளு இல்ல விமலா. உன்ன வுட்டுக்குடுக்க முடியல, அவ்ளோதான்.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவர் மேல், என் மேல், சேர்ந்து சாப்பிட்ட அத்தனை சாப்பாட்டின் மேல். எனக்காக அவர் பேசாமல் இருந்தார், எனக்காக நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்றாவது மனுஷனைக் காவு கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் அன்பாக இருந்திருக்கிறோம். அதை அன்பு என்று இத்தனை நாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கெளம்புங்க,” என்றேன்.

“இன்னைக்கா? நாளைக்குப் பூசை. கடையில கூட்டமா இருக்கும்.”

“நான் கத்தின அன்னைக்கும் கூட்டம்தான்.”

சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ வேண்டாம் என்றார். என் குட்டைச் சைக்கிளின் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். அவர் வேகத்துக்குத்தான் போக முடிந்தது. நேர்வழியில்தான் போனோம்.

சந்துக்குள்

சந்துக்குள் கஸ்பார் கடை வாசல் முழுக்கச் சைக்கிள்கள் நின்றன. அவர் கடையில் இல்லை. சந்தின் கோடியிலிருந்து யாருடையதோ ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தலை நரைத்துக் கண்ணாடி போட்டிருந்தார். கடை வாசலில் சடாரென்று பிரேக் பிடித்தார். பிறகு திருப்பிக்கொண்டு மறுபடி கோடி வரைக்கும் போனார்.

“உட்காருங்கம்மா,” என்றார் காத்திருந்த ஒரு லுங்கிக்காரர். “பிரேக்குல கை வெச்சாருன்னா மூணு ரவுண்டு ஓட்டிப் பாக்காம குடுக்க மாட்டாரு. அதான் ரவுண்டு கஸ்பாருன்னு பேரு.”

 மூன்றாவது ரவுண்டு முடித்து இறங்கிய கஸ்பார் முதலில் என் வீட்டுக்காரர் காலைத்தான் பார்த்தார். பிறகு இவர் முகத்தை. கடைசியில் என்னை.

“வாங்கண்ணே,” என்றார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “கஸ்பாரு, அன்னைக்கு பிரேக்கு புடிக்காம போனதுக்கு நீங்க காரணம் இல்ல,” என்றேன். “உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. பூசைக்குப் பளபளன்னு இருக்கணும்னு ரிம்மு முழுக்க நான்தான் எண்ணெ தடவி வெச்சேன். எனக்கே அப்புறந்தான் தெரியும்.”

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“நான் உங்க வீட்டுக்கு வந்தேனே டீச்சர். அன்னைக்கு வண்டி உள்ளார இருந்துதா?”

“இருந்துது.”

“தெரிஞ்சுதான் இல்லன்னீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கஸ்பார் கையைக் காட்டி நிறுத்தினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்த நட்ட முறுக்கினேனா இல்லியான்னு எனக்கு ஞாபகம் வரவே இல்ல டீச்சர். எத்தன தபா யோசிச்சிருப்பேன். கூட்ட நேரத்துல வுட்டுட்டேன் போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாருகிட்ட சொல்லியிருக்கேன், ஒரு மனுஷன நொண்டி ஆக்கிட்டேன்னு. ஒவ்வொரு வருஷமும் சொல்லுவேன்.”

நான் செய்த பாவத்துக்கு அவர் முழங்கால் போட்டிருக்கிறார். வருஷா வருஷம்.

“என்னா பண்ணணும்னு சொல்லுங்க,” என்றேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

கஸ்பார் துணியைக் கீழே வைத்தார். “அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு இதையும் சொல்லுங்க,” என்றார்.

முனையில்

மூன்று பேரும் முனைக்கு நடந்தோம். கஸ்பார் இருந்த கடையில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. டீக்கடை ஜூஸ் கடையாகிவிட்டது. பூக்கடை இருந்த இடத்தில் ஒரு ஏ.டி.எம். அன்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒரு முகமாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. நின்றவர்கள் எல்லாம் புதுசு. போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று நின்ற இடத்தில் நின்றேன். வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தேன்.

“நான் விமலா டீச்சர். பல வருஷத்துக்கு முன்னால இந்த எடத்துல நின்னு, கஸ்பார் மாட்டின பிரேக்கால என் வீட்டுக்காரர் கால் போச்சுன்னு கத்தினேன். அது பொய். தப்பு என்னுது. ரிம்முல எண்ணெ தடவினது நான். தெரிஞ்ச பின்னாடியும் சொல்லாம மறைச்சேன். இவரு வேலையில ஒரு குத்தமும் இல்ல.”

ஜூஸ் கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், நாங்கள் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்து எங்கள் பின்னால் கொடியைத் தேடினார். ஒரு பெண் ஏ.டி.எம்முக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான். தெரு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் கஸ்பார் பக்கம் திரும்பினேன். “அன்னைக்குக் கேட்டவங்க ஒருத்தரும் இல்லியே கஸ்பாரு,” என்றேன்.

“நான் இருக்கேனே டீச்சர்,” என்றார். “அன்னைக்கும் நான்தானே கேட்டேன்.”

 சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அதை எடுக்கத் திரும்பவும் சந்துக்குள் போனோம். இவரும் கஸ்பாரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். இவர் தடுமாறின ஒரு இடத்தில் கஸ்பார் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் அந்த லுங்கிக்காரர் இன்னும் காத்திருந்தார். அவர் சைக்கிளுக்குத்தான் அடுத்து பிரேக் கட்டை மாற்ற வேண்டும். கஸ்பார் குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கமும் புதுக் கட்டை மாட்டினார், நட்டுகளை முறுக்கினார். துணியை எடுத்து ரிம்மைச் சுற்றித் துடைத்தார். எழுந்து நின்று பிரேக்கை ஒருமுறை அழுத்தினார், சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். பிறகு வண்டியை லுங்கிக்காரரிடம் நீட்டினார்.

“என்னா கஸ்பாரு, ரவுண்டு போவலியா?”

“வேணாம்,” என்றார் கஸ்பார். “புடிக்கும். எடுத்துகினு போ.”